ஏழரை மணி நாடகம்

கொச்சி படகுத்துறை
4.1.2024

அன்புள்ள அக்கா பொன்னுத்தங்கத்துக்கு,

தம்பி கதிரவன் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உன் இருமல் நின்றதா? தாயில்பட்டியில் பனி எப்படி?

நாளைக் காலை கிளம்புகிறோம். ஒரு மாதத்துக்கு மேல் கடலைச் சுற்றிவிட்டுத்தான் இலங்கை. நடுக்கடலில் செல்போன் எடுக்காது. கேப்டனிடம் ஒரு கருவி இருக்கிறது, அது புயல் சேதிக்கும் ஆபத்துக்கும் மட்டும்தான். ஆகையால் இனிமேல் கடிதம். கரை வந்தால் போன் போடுகிறேன்.

நீ ஊரெல்லாம் ‘என் தம்பி கப்பல்ல இருக்கான்’ என்று சொல்லித் திரிவது எனக்குத் தெரியும். இது கப்பல் இல்லை அக்கா. முப்பத்திநாலு அடிப் பாய்ப்படகு. நம் ஊர் மினி பஸ்ஸைவிடக் கொஞ்சம் நீளம். உள்ளே ஒரு அடுப்பு, இரண்டு படுக்கை, ஒரு மேசை, சுவரோடு பெல்ட் போட்டுக் கட்டிய சின்ன டிவி. மேலே இருக்கும் சோலார் தகடுதான் கரண்ட். ஃபிரிட்ஜ் ஓடினால் டிவி ஓடாது, டிவி ஓடினால் ஃபிரிட்ஜை நிறுத்த வேண்டும். மீன் நாறினாலும் பரவாயில்லை என்று கேப்டன் வேதமாணிக்கம் டிவி பக்கம் சாய்ந்துவிடுகிறார்.

அவரைக் கெடுத்தது நான்தான். நீயும் நானும் வீட்டில் பார்க்கிற ஏழரை மணி நாடகத்தை ஒருநாள் போட்டுக் காட்டினேன். அவ்வளவுதான். டிஷ்ஷைக் கரையில் ஒரு தூணோடு கட்டிவைத்திருக்கிறோம். படகில் கட்டினால் காற்றுக்குப் படகு திரும்பும், டிஷ் வேறு பக்கம் பார்க்கும், சாருமதி மூஞ்சி கட்டம் கட்டமாக உடைந்து நின்றுபோகும். நேற்று கேப்டன் என்னிடம் கேட்கிறார்: “ஏடே, சாருமதி மாமியா வீட்ட விட்டுப் போவாளா, இருப்பாளா?” பெரிய கப்பல்களில் முப்பது வருஷம் உத்தரவு போட்ட மனுஷர்.

கடலில் நாடகம் வராது. நீ பார்த்து எழுது. கொழும்பு ஏஜென்ட் விலாசம் பின்பக்கம் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
தம்பி,
கதிரவன்


உ
தாயில்பட்டி
22.1.2024

என் கூடப்பொறந்த தம்பி கதிரவனுக்கு ஒன் அக்கா எழுதிக்கிட்டது. நான் சொகம். நீ சொகமா, ஒங்க கேப்டன் அய்யா சொகமா இருக்காகளா, கடல் சும்மா கெடக்கா?

இருமல் போயிருச்சு. அது தானாப் போகல. பட்டாசுக் கம்பெனியில என் கூட வேல பாக்குற கற்பகவல்லி ஓமவல்லி எலய வாட்டிப் புழிஞ்சு குடுத்தா. குடுத்தவ சும்மா குடுத்தாளா, ‘ஒன் தம்பி கடல்ல இருந்து முத்து கொண்டாந்தா எனக்கு ஒண்ணு’ன்னா. முத்தெல்லாம் இல்லடி, அவன் அங்கன டிவி பாத்துக்கிட்டு இருக்கான்னேன்.

மூணாப்புப் படிச்சவ எழுத்து, தப்பு இருந்தா நீயே திருத்திக்க. நாடகத்துக்கு வாரேன். அதுக்கு முன்ன ஒரு சேதி. ரீனா டீச்சர் வீட்டுக் கோழி நம்ம வீட்டு விறகுக்குள்ள முட்ட போட்டுருச்சு. முட்ட யாருக்குன்னு டீச்சரும் நானும் ஒரு மணி நேரம் நியாயம் பேசுனோம். அதுக்குள்ள நாய் தின்னுட்டுப் போயிருச்சு.

இப்ப நாடகம். சாருமதி கொழம்புல உப்புக் கூடிப்போச்சு. மாமியாக்காரி எந்திரிச்சா. “இந்த வீட்டு உப்பத் தின்னுட்டு எனக்கே ஒறைப்பக் காட்டுறியா?”ன்னா. சாருமதி சும்மா இருக்கல, “உப்புப் போட்டதே நாந்தான அத்த”ன்னா. எனக்கு ஒரே சந்தோசம். மறுநா செட்டுல கற்பகவல்லி மாமியா மாதிரியே எந்திரிச்சு நின்னு இடுப்புல கைய வச்சுப் பேசிக் காட்டுனா. போர்மேன் வந்து, ‘இது சரவெடி செட்டா, சினிமாக் கொட்டாயா’ன்னு ஏசிட்டுப் போனாரு. சாருமதி வீட்ட விட்டுப் போகலன்னு கேப்டன் அய்யாகிட்டச் சொல்லு. போறதுக்கு எடம் வேணும்ல.

கடேசியா ஒண்ணு. கேப்டன் அய்யா ஒன்னப் போடான்னாலும் போகாத. கால்ல விளுந்து அங்கனயே கெட. நம்மளப் பெத்த அய்யா போனது அந்த வெடி மருந்துல. நீயும் அதுலயே கெடந்த, ஒன்னப் பிடுங்கிக் கடல்ல போட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நம்ம வீட்டுல ஒரு ஆள் மருந்து வாடையில இருந்தாப் போதும், அது நான். நீ திரும்பி வந்து அதத் தொட்டேன்னா என் மொகத்துல முழிக்காத.

வேளைக்குச் சாப்புடு.
பொன்னுத்தங்கம்


கொழும்பு
16.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். உன் கடிதம் ஏஜென்டிடம் காத்திருந்தது. கேப்டனுக்கு வாசித்துக் காட்டினேன். உப்பு வசனத்தை மறுபடியும் வாசிக்கச் சொன்னார்.

கரைக்கு வந்ததில் இருந்து நாலைந்து தடவை போன் போட்டுவிட்டேன். மணி அடிக்கிறது, நீ எடுக்கவில்லை. வேலை அதிகமா?

கடலில் படம்தான் பார்த்தோம். கேப்டனின் சம்சாரம் செல்வமணி அம்மா நர்ஸாக இருந்தவர்கள். உயிரோடு இருக்கும்போது டிவியில் சொருகுகிற ஒரு டப்பாவில் நிறையப் படங்கள் ஏற்றி வைத்திருக்கிறார்கள். வெயில் நன்றாக அடித்த நாளில் மட்டும் சாயங்காலம் ஒரு படம். மேகம் போட்டால் கிடையாது. படகு சாய்ந்து ஓடும்போது மேசைக்காலில் மிதித்துக்கொண்டு, ஒரு கையில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். கதாநாயகன் நேராக நடந்து வந்தாலும் குடித்தவன் மாதிரி இருக்கும்.

காற்று வலுத்தால் பாய் அடிக்கிற சத்தத்தில் ஒரு வசனமும் கேட்காது. நாங்களே மூஞ்சியைப் பார்த்து வசனம் சொல்லிக்கொள்வோம். ஒரு படத்தில் அம்மாவும் மகனும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் அவர்கள் புருஷன் பெண்டாட்டி. கேப்டனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

இன்னொன்று. எந்தப் படமும் முடிவுவரை போடமாட்டார். முக்கால்வாசியில் அணைத்துவிடுவார். “செல்வமணி இந்நேரம் தூங்கிருவா. மிச்சத்த நாளைக்குச் சேந்து பாப்போம்னு சொல்லுவா” என்றார். அடுத்த நாள் வேறு படம்தான் ஓடும். நானும் கேட்டுக்கொள்வதில்லை.

அடுத்து அந்தமான். போர்ட் பிளேர் விலாசம் பின்பக்கம். போனை எடு அக்கா.

கதிரவன்


உ
தாயில்பட்டி
11.3.2024

தம்பி கதிரவனுக்கு அக்கா எழுதிக்கிட்டது. நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியா? கடுதாசி எழுதக் கொஞ்சம் சுணங்கிப்போச்சு, மனசுல வச்சுக்காத.

போன் தண்ணித் தொட்டியில விளுந்துருச்சு. எடுத்து அரிசிக்குள்ள போட்டேன், அரிசிதான் கெட்டுச்சு. புதுசு வேண்டாம்லே. போன்ல என்னத்தப் பேசுறோம், ‘சாப்ட்டியா, சாப்ட்டேன்’ அம்புட்டுத்தான். கடுதாசின்னா எத்தன தடவையும் எடுத்துப் படிக்கலாம். இனிமே கடுதாசியே போடு.

நாடகம் ரொம்ப மாறிப்போச்சு. மாமியாக்காரி இப்ப யாரையும் ஏசுறதே இல்ல. சாருமதி பக்கத்துல வந்து குனிஞ்சு, ‘சாப்ட்டியாத்தா, மொகம் வாடிருக்கே’ன்னு கேக்கா. சாருமதி அதுக்குக் கண்ணத் தொடைக்கா. அம்புட்டுப் பாசம். சாருமதி புருசனும் பேச்சக் கொறச்சுக்கிட்டான். ஆத்திரத்துல தட்டத் தள்ளிவிடுறான், ஆனா அது அவ மேல இல்ல, வேலையில ஏதோ சங்கடம் போல.

நேத்து ரீனா டீச்சர் உள்ள வந்து டிவியக் காட்டி ரெண்டு காதையும் பொத்திக்கிட்டாக. சத்தம் கூட இருந்துருக்கும். பிள்ளைகளுக்குப் பரீச்ச. கொறச்சிட்டேன்.

போன வாரம் பெரிய கூத்து. சாருமதி நாத்துனாளுக்குக் கல்யாணம். மண்டபம் நெறையக் கூட்டம். மாப்பிள தாலியக் கையில எடுத்துட்டான். அப்பப் பாரு, வெள்ளச் சட்டக்காரரு ஒருத்தரு கைய மேல தூக்கிக்கிட்டு ஓடியாந்தாரு. வேற என்ன சொல்லுவாரு, ‘வெளிய போங்க, எல்லாம் வெளிய போங்க’ன்னுதான். பொம்பளைக எந்திரிச்சு ஓடுறாக. ஒருத்தி சேல தடுக்கி விளுந்தா. அப்படி ஓடும்போது திரும்பிப் பாக்கக் கூடாது. கண்ணு எங்கன வெட்டவெளி தெரியுதோ அங்கன ஓடணும். வேப்ப மரத்துப் பக்கம் ஓடுனவுகளுக்கு ஒண்ணும் இல்ல. சுவத்தோரமா ஓடுனவுக மேலதான் ஓடு வந்து விளுந்துச்சு. பொகைன்னா வெள்ளையா இருக்கும்னு நெனப்ப, இது மஞ்சளும் பச்சையுமா. அப்புறம் ஒரு சத்தமும் இல்ல. எல்லாரும் வாயத் தொறந்துக்கிட்டு நிக்காக, ஒரு சத்தம் இல்ல. கற்பகவல்லி வாசல் வரைக்கும் வந்தவ தூக்குவாளிய எடுக்கத் திரும்பிப் போனா.

அதோட விளம்பரம் போட்டுட்டான்.

கேப்டன் அய்யாவக் கேட்டேன்னு சொல்லு. வெயில்ல தொப்பி போடு.
பொன்னுத்தங்கம்


போர்ட் பிளேர்
3.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலம்தானா?

மாமியார் திருந்திய சேதியில் கேப்டனுக்கு நம்பிக்கை இல்லை. “அவளாடே? மொகர அப்படி இல்லயே” என்றார். ஆனாலும் அன்றைக்குச் சந்தோஷமாகப் பாயைத் தைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. கல்யாண மண்டபத்தில் ஓடு எப்படி விழுந்தது? வேப்ப மரம் எங்கே இருந்தது? நாடகத்தில் கற்பகவல்லி என்று யாரும் இல்லையே. உன்னோடு வேலை பார்க்கும் கற்பகவல்லி அக்கா சுகம்தானா? நம் பக்கம் ஏதும் நடந்ததா? நாங்கள் நடுக்கடலில் கிடந்தோம், ஒரு பேப்பர் பார்க்கவில்லை.

ரீனா டீச்சர் போன் நம்பர் என்னிடம் இல்லை. எழுதி அனுப்பு.

அடுத்து மலேசியாவில் லங்காவி என்ற தீவு. மழைக்காலம் முழுக்க அங்கேதான்.

கதிரவன்


உ
தாயில்பட்டி
29.4.2024

தம்பிக்கு அக்கா எழுதிக்கிட்டது. நான் சொகம்.

நாடகத்துல ஆயிரம் பேரு வாராக, பேரு மாறிப் போட்டுருப்பேன். மூணாப்புக்காரிகிட்ட வக்கீலு மாதிரி குறுக்க கேக்காத. இங்கன எல்லாம் எப்பவும் போலத்தான்.

என்ன லேபில் ஒட்டுற செட்டுக்கு மாத்திருக்காக. ஒக்காந்த வேல. சாமி படமும் கிளி படமும் ஒட்டி ஒட்டி வெரலெல்லாம் பசை. கம்பெனி வேன் ஒருநா என்ன விட்டுட்டுப் போயிட்டான். ஆரன் அடிச்சேங்கான் டிரைவரு, அடிச்சா நான் திரும்பியிருக்க மாட்டேனா? இப்ப நல்ல பிள்ளையா எறங்கி வந்து தோளத் தொட்டுக் கூப்புடுறான்.

வெயில் மண்டையப் பொளக்குது. வேற சேதி இல்ல.
பொன்னுத்தங்கம்


லங்காவி
12.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். கேப்டனுக்கு முழங்கால் வலி, மற்றபடி சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

இங்கே படகைக் கரையோடு கட்டிவிட்டோம். டிஷ் ஆடாமல் நிற்கிறது. தமிழ் டிவி வருகிறது. நம் ஊர் நாடகங்கள் இங்கே சில மாதம் பிந்தித்தான் ஓடுகின்றன. நேற்று சாருமதி வீட்டுக் கல்யாணம் வந்தது. நீ எழுதியது எல்லாம் அப்படியே இருந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். பொம்பளைகள் எழுந்தார்கள். ஒருத்தி சேலை தடுக்கி விழுந்தாள்.

அவர் சொன்னது ‘வெளியே போங்க’ இல்லை அக்கா. “நிறுத்துங்க, இந்தப் பையனுக்கு ஏற்கனவே கல்யாணமாயிருச்சு” என்றார். எழுந்த பொம்பளைகள் எங்கேயும் ஓடவில்லை. மணமேடையைச் சுற்றிக்கொண்டார்கள். தீயும் இல்லை, புகையும் இல்லை.

நான் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை முழுக்கக் குறைத்தேன். “ஏன்டே கொறச்ச?” என்றார் கேப்டன். சும்மா பாருங்கள் என்றேன். இங்கே அதே நாடகத்தைக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போடுவான். இரண்டு பேரும் சத்தமில்லாமல் உட்கார்ந்து பார்த்தோம். வெள்ளைச் சட்டைக்காரர் கையைத் தூக்கினதும் கேப்டன் மெதுவாகச் சொன்னார், “ஓடச் சொல்றாருடே.” நம் பக்கத்துப் பட்டாசு ஊர் ஆமத்தூரில் பிறந்தவர் இல்லையா, அவருக்கும் அப்படித்தான் தெரிந்தது.

மாமியார் குனிந்து சாருமதியிடம் சொன்னது: “நடிச்சது போதும், கண்ணத் தொடச்சிட்டுப் போய் பாத்திரத்தக் கழுவு.”

அக்கா, இனிமேல் நீ படத்தை மட்டும் பார். வசனத்தை நான் எழுதி அனுப்புகிறேன். கொஞ்சம் பிந்தி வரும், அவ்வளவுதான்.

கதிரவன்


உ
தாயில்பட்டி
20.7.2024

தம்பி கதிரவனுக்கு அக்கா.

ஒன் கடுதாசிய மடிச்சு வச்சிட்டு ஒரு வாரம் சும்மா இருந்தேன். கோவம். என் மேலயா ஒன் மேலயான்னு தெரியல.

ஆமாலே. கேக்கல. நீ கொழும்புக்குப் போயிக்கிட்டு இருந்தப்ப, பக்கத்து செட்டுல மருந்து கலக்குற எடத்துல. மொதல்ல காதுக்குள்ள வண்டு மாதிரி இரைஞ்சுச்சு. அப்புறம் அந்த வண்டும் போயிருச்சு. இனி வராதுன்னு டாக்டரம்மா எழுதிக் காட்டுனாக. கற்பகவல்லிய மறுநா சாயங்காலம்தான் ஊருக்குக் கொண்டாந்தாக. அதுக்கு மேல எழுத எனக்கு வராது.

போன் தொட்டியில விளுகல. ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் வரும், ஒன் பேரு தெரியும், அதப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருப்பேன். எடுத்தா நீ கண்டுபிடிச்சிருவ. அதான் ஒருநா அணைச்சுப் பானைக்குள்ள போட்டுட்டேன்.

இப்ப நான் சொல்றதக் கேளு. ஒனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு நீ கெளம்பி வரக்கூடாது. வந்தா என்ன செய்வ? ஒரு மாசம் எனக்குக் கஞ்சி காச்சுவ, ரெண்டாவது மாசம் சீசன் வந்துரும், ‘நாலு நாளைக்குத்தானக்கா’ன்னு சொல்லிக்கிட்டு அதே செட்டுக்குப் போவ. ஒனக்குத் தெரிஞ்ச வேல அது ஒண்ணுதான். எனக்கு இருந்தது காது, அது போச்சு. ஒன்ன அங்கன விட நான் ஆளில்ல.

இன்னொண்ணு. நீ எழுதுன வசனம் நல்லால்ல. எனக்குக் கேக்காமப் போன நாள்ல இருந்து மாமியாக்காரி ஒரு வார்த்த ஏசல. எம்புட்டு நிம்மதியா இருந்தேன். எதுக்குலே அவள மறுபடி ஏச வச்ச?

பாத்திரமாத்தான் கழுவணும்னா நானும் கழுவிட்டுத்தான டிவி பாக்கேன்.

ஒடம்பப் பாத்துக்க.
பொன்னுத்தங்கம்


லங்காவி
8.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை என்னால் கேப்டனுக்கு வாசித்துக் காட்ட முடியவில்லை. கையில் கொடுத்தேன், அவரே கண்ணாடி போட்டு வாசித்துக்கொண்டார். பிறகு ஆமத்தூரில் தன் சொந்தக்காரர்களிடம் விசாரித்து ரீனா டீச்சர் நம்பரை வாங்கிக் கொடுத்தார்.

டீச்சரிடம் பேசிவிட்டேன். வருகிற இருபத்தைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் கோயிலுக்குப் போய்விட்டு வந்ததும், உன்னைக் கூட்டி உட்கார வைத்து வீடியோவில் காட்டுவார்கள். உனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். எழுதினால் கிழித்துப்போடுவாய். முகத்தைப் பார்த்துத்தான் சொல்வேன். மெதுவாகச் சொல்கிறேன். என் வாயைப் பார்.

கதிரவன்


லங்காவி
25.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இன்றைக்குத்தான் உன்னைப் பார்த்தேன். தலை இவ்வளவு நரைத்துவிட்டதே. அந்தப் பச்சைச் சேலையை எதற்குக் கட்டினாய், கல்யாணத்துக்குப் போகிற மாதிரி?

நான் மூன்று தடவை சொன்னேன். ‘நான் ஊருக்கு வந்துவிடுகிறேன் அக்கா. தீபாவளிக்கு முன்னால் வந்துவிடுவேன்.’ நீ மூன்று தடவையும் தலையை ஆட்டினாய். சண்டை போடுவாய் என்று பயந்துகொண்டிருந்தேன். சிரித்தாய். போதும்.

வேலையை அங்கே வந்து பார்த்துக்கொள்வோம். என்ன கிடைக்கிறதோ கிடைக்கட்டும்.

கேப்டனிடம் சொல்லிவிட்டேன். “போடே, அவளுக்கு வேற யாரு இருக்கா” என்றார். சொல்லிவிட்டு வெளியே போய், ஏற்கனவே கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் டிவி போடவில்லை. வெயில் நன்றாகத்தான் அடித்தது.

இந்தக் கடிதம் உனக்கு வந்து சேர்ந்து, உன் பதில் எனக்கு வருவதற்கும் நான் கிளம்புவதற்கும் சரியாக இருக்கும். ஒரு பதில் போடு. கையில் வாங்கிக்கொண்டு ஏறுகிறேன்.

கதிரவன்


உ
தாயில்பட்டி
25.8.2024

என் கூடப்பொறந்தவனுக்கு அக்கா எழுதிக்கிட்டது.

போன அணைச்ச சூட்டோட எழுதுறேன். கறுத்துப்போயிட்ட. தாடி வேண்டாம், எடுத்துரு, வாய மறைக்கு. பின்னால கேப்டன் அய்யா நின்னாகளே, நல்லா ஒசரம். நல்ல மனுசரு மாதிரித் தெரியிது. பாவம், அவுகளுக்கும் ஒரு ஆள் வேணும்லே.

டீச்சர் வீட்டுல எனக்குக் காப்பி குடுத்து, போன டப்பாவுல சாத்தி வச்சுக் காட்டுனாக. அவுக மக வந்து என் தலய ஒதுக்கி விட்டா. எல்லாருமா என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னாக. எனக்கு வெக்கமாப் போச்சு. நீ பேச ஆரம்பிச்சதும் டீச்சர் கண்ணத் தொடச்சுக்கிட்டாக. அவுக எதுக்கு அழணும்? ஒண்ணும் அழுகுற சேதி இல்லயே.

நீ வச்சதும் டீச்சர் ஒரு நோட்டு எடுத்து, நீ சொன்னத எழுதிக் காட்ட வந்தாக. ஒரு எழுத்துத்தான் எழுதுனாக. நான் பேனா மேல கைய வச்சிட்டேன். “வேண்டாம் டீச்சர், அவன் என் தம்பி, அவன் வாயி எனக்குப் படிக்கத் தெரியாதா?”ன்னேன். அவுக என்னமோ சொல்லச் சொல்ல, நான் டம்ளரக் கழுவி வச்சிட்டு வந்துட்டேன்.

நல்லாத் தெரிஞ்சுச்சுலே. நிறுத்தி நிறுத்தித்தான் சொன்ன. ‘நான் இங்கனயே இருக்கேங்க்கா, இன்னும் ரெண்டு வருசம் வரமாட்டேன்’னு மூணு தடவ சொன்ன. நானும் மூணு தடவ தலைய ஆட்டிட்டேன்.

சரிலே. அப்படியே இரு.

பொன்னுத்தங்கம்